நீருக்கு எல்லை வகுக்கும் சொற்கள்



ஆற்றுக்கு இயற்கை வகுத்த எல்லை கரை. சட்டம் வகுக்கும் எல்லையோ சொல்லால் ஆனது. கெடாவில் அச்சொல் 'கவாசான்'. தமிழில் 'பகுதி' என்கிறோம். 1953ஆம் ஆண்டின் பாசனப் பகுதிகள் சட்டப்படி, மாநில ஆட்சி அரசிதழில் அறிவித்த பின்னரே ஒரு நிலப்பரப்பு 'பாசனப் பகுதி' ஆகிறது. அதன் பின்னரே அங்குள்ள நிலத்தின்மீது பாசன வரி விதிக்க இயலும்.

நம் அரசமைப்புச் சட்டத்தில் ஆறுகள் மாநிலத்தின் பொறுப்பு. ஒரே மாநிலத்திற்குள் அடங்காத நீருக்கு அவ்விதி போதாது. பெடு, மூடா அணைகளின் நீர் கெடாவுக்கும் பெர்லிசுக்கும் பாய்கிறது. ஆகவே 1970இல் தோன்றிய மூடா வேளாண்மை மேம்பாட்டு வாரியத்திற்கென 1972இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்றியது. அதன் எல்லைக்குள் 27 வட்டார உழவர் அமைப்புகள் இயங்குகின்றன. 2008ஆம் ஆண்டின் நீர்வளச் சட்டத்தால் கெடாவுக்கென மாநில நீர்வள வாரியமும் அமைந்தது.

'வாரியம்' என்னும் சொல் நமக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 'ஏரி வாரியம்' என்னும் குழுவைக் குறிக்கின்றன. ஓராண்டுப் பொறுப்புக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தனர். ஆயினும், வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவரே தகுதியுடையோர் என்பது பொதுவிதி. நீரை ஆளும் உரிமை அன்றே நிலத்தோடு பிணைந்திருந்தது. பாசனப் பகுதி பற்றிய இன்றைய சட்டமும் நிலத்தையே முதலில் நோக்குகிறது.

இங்குதான் நம் தோட்டப்புறக் கதை வேறுபடுகிறது. கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் பால்மரம் சீவியவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. அவர்களுடைய நீர், நிலத்தின் வழியாக வரவில்லை. வேலையின் வழியாக வந்தது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம், குடியிருப்புக்குப் போதிய குழாய்நீரை இலவசமாக வழங்கும் கடமையை முதலாளியின்மீது சுமத்தியது. வேலை முடிந்தால் அந்தக் கடமைக்கும் அடிப்படை இல்லாமற் போகிறது. தோட்டம் விற்கப்பட்டு, மக்கள் நகர்ப்புற வீடமைப்புக்குக் குடிபெயர்ந்தபோது, அவர்கள் கட்டணம் செலுத்தும் 'பயனீட்டாளர்' ஆயினர்.

நிலவுடைமையாளர், தொழிலாளர், பயனீட்டாளர் என்னும் மூன்று பெயர்களால் சட்டம் மனிதரை அறிகிறது. தாகம் ஒன்றே, உரிமையோ பெயருக்கேற்ப மாறுகிறது. எந்தப் பெயரின்கீழ் நிற்கிறோம் என்று அறியாதவர் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவார்?

எனவே மொழிக்குழுவின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். 'கவாசான் பெஙாயிரான்' என்பதைப் பாசனப் பகுதி என்றும், 'கவாசான் தாடாஹான்' என்பதை நீர்ப்பிடிப்புப் பகுதி என்றும், 'ரிசாப் சுங்கை' என்பதை ஆற்றோர ஒதுக்கு நிலம் என்றும் ஒரே சீராக வழங்குவோம். இவை ஒன்றல்ல. முதலாவது வயலுக்கு நீர் பாயும் இடம். இரண்டாவது மழைநீர் திரளும் இடம். மூன்றாவது கரையோரம் ஆற்றுக்கென விடப்படும் இடம். மூன்றையும் 'நீர்ப்பகுதி' என்று பொதுவாக எழுதிவிட்டால், அறிவிப்பைப் படிப்பவர் தம் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதை உணரமாட்டார்.

'குளம்' என்னும் நம் சொல் மலாயில் 'கோலாம்' ஆக வாழ்கிறது. நீர் குறித்த சொல்லை இம்மண்ணுக்கு ஈந்த மொழிக்கு, நீர் குறித்த சட்டத்தைத் தன் மக்களுக்குத் தெளிவாகச் சொல்லும் கடமையும் உண்டு.