ஆறாத கால் புண்: எதைக் கொண்டு கழுவுவது?



நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் கணுக்கால் புண்ணை மாதக்கணக்கில் கைலிக்குள் மறைத்து வைக்கிறார்கள். நாமும் நுரை பொங்கினால் கிருமி சாகும் என்று நம்பி ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுகிறோம். அது புதிதாக வளரும் சதையையும் சேர்த்துக் கெடுக்கும்.

எந்தக் கரைசல் சிறந்தது? சிரைக் கோளாறால் வரும் கால் புண் பற்றி 2021-இல் கோக்ரேன் வெளியிட்ட தொகுப்பாய்வு, 254 பேர் பங்கேற்ற 4 ஆய்வுகளைப் பரிசீலித்தது. ஒரு கரைசல் மற்றொன்றைவிட மேலானது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆகவே விலை கூடிய கரைசலுக்காகக் கடன் வாங்க வேண்டாம். சலைன் அல்லது கொதிக்க வைத்து ஆறிய நீரே போதும். கையைச் சோப்பால் கழுவிவிட்டு, இளஞ்சூட்டில் மெதுவாக ஊற்றுங்கள், தேய்க்காதீர்கள். சர்க்கரை நோயாளியின் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூட்டை வேறொருவர் கையால் பார்க்கட்டும்.

கழுவுவதால் மட்டும் புண் ஆறாது. சிரைப் புண்ணுக்கு அழுத்தக் கட்டுதான் முக்கியச் சிகிச்சை. காலுக்கு இரத்தம் சரியாகப் பாய்கிறதா என்று மருத்துவர் சோதித்த பிறகே அதைக் கட்ட வேண்டும்.

ஒளுவுக்காக ஐந்து வேளையும் கட்டைப் பிரிக்க வேண்டாம். கட்டின் மேல் மஸஹ் செய்ய மார்க்கத்தில் சலுகை உண்டு. முறையை இமாமிடம் கேட்டுக்கொள்வோம்.

காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றம், கருமை கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புண்ணை மறைத்துக் காலை இழப்பதைவிட, வெட்கத்தை விட்டுக் காட்டுவதே மேல். இன்றே நம் பெரியவர்களின் கால்களைப் பார்ப்போம்.