கல்விச் சந்தையும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இச்சங்கம் தொடங்கப்பெற்ற நாளில், நம் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்பதே நம் கவலையாய் இருந்தது. இன்று மே மாதம் பிறந்தால் கல்லூரியே நம் குடியிருப்பைத் தேடி வருகிறது. தரகர் வருகிறார், வண்ண அறிக்கை வருகிறது, “ஒரு காசும் கட்ட வேண்டாம், சான்றிதழை மட்டும் கொடுங்கள்” என்னும் இனிய சொல்லும் வருகிறது. கதவு திறந்ததற்கு மகிழ்வோம். ஆயினும், எதற்காகத் திறந்தார்கள் என்று கேட்கவும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

தனியார் என்ற சொல்லையே நாம் வெறுப்பதற்கில்லை. டாக்டர் அம்பேத்கர் 1945ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். அது அரசுக் கல்லூரி அன்று. ஆனால் இடமற்றவர்க்கு இடம் தருவதே அதன் நோக்கம், இடத்தை விற்பதன்று.

தமிழ்நாட்டில் 1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளுக்கு அரசு இசைவு அளித்தது. மாணவர் கட்டணமே கல்லூரிக்கு வருவாய் என்றானபின், எப்பாடத்தை நடத்துவது என்பதை, எதற்கு ஆள் சேரும் என்பதே முடிவு செய்யலாயிற்று. 2010களின் நடுவில் இக்கல்லூரிகள் ஐந்நூற்றுக்கும் மேல் இருந்தன. பின்னர் இடங்கள் காலியாகக் கிடந்தன; பல கல்லூரிகள் மூடப்பட்டன. இயந்திரவியலும் கட்டடவியலும் தேய, கணினி வகுப்புகள் பெருகின. ஒரு பிரிவில் இத்தனை பேரைத்தான் சேர்க்கலாம் என்றிருந்த உச்சவரம்பையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25ஆம் கல்வியாண்டு முதல் நீக்கிவிட்டது. கலைக் கல்லூரிகளிலும் இதே காட்சிதான். வணிகவியலுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. வரலாற்று வகுப்பு ஆளின்றிக் கிடக்கிறது.

சென்ற ஆண்டு வெங்காயம் நல்ல விலைக்குப் போயிற்று என்று இவ்வாண்டு ஊரே வெங்காயம் நட்டால் என்னாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சந்தை சொல்வது இன்றைய விலையை. நம் பிள்ளை பட்டம் பெற்று வருவதோ நான்கு ஆண்டுகள் கழித்து. நிலபுலம் உள்ளவர் ஒரு போகம் நட்டமானால் மறு போகத்தில் ஈடுகட்டுவார். நமக்கு ஒரு போகந்தான் உண்டு. சந்தையில் எல்லோரும் சமம் என்பார்க்கு நாம் கூறும் விடை இதுவே.

ஒரு நிகழ்ச்சியைக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி. தந்தை செங்கற்சூளைத் தொழிலாளி. நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கு முன்பே தரகர் அவளை ஒரு பொறியியற் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டார். கேட்ட கட்டணம் முழுவதையும் உதவித்தொகை ஈடு செய்யவில்லை. இரண்டாம் ஆண்டு முடிவில் மீதித் தொகையைக் கேட்டார்கள். கட்ட வழியில்லை, படிப்பு நின்றது. மூலச் சான்றிதழ்களையும் தர மறுத்தார்கள். மூலச் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்துள்ளது. அதை எழுத்தில் காட்டி, மூன்று முறை நடந்த பிறகே அவை கைக்கு வந்தன. இன்று அவள் அரசு கலைக் கல்லூரியில் கணிதம் பயில்கிறாள். இழந்த இரண்டு ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

தரகரை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்க இயலாது. அவளுடைய மாற்றுச் சான்றிதழில் ஒப்பமிட்டது நம் கை. “எங்கே அம்மா சேரப் போகிறாய்?” என்று அன்று ஒரு சொல் கேட்கவில்லை. அந்தக் குறை இன்னும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

கலந்தாய்வு வழியே சென்றிருந்தால் அரசு நிர்ணயித்த கட்டணம். 18 விழுக்காட்டு ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2021ஆம் ஆண்டு முதல் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காட்டு இடங்களும் உண்டு. அவ்விடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இவை நம்மவர் போராடிப் பெற்ற சமூக நீதியின் கிளைகள். இவற்றைத் தரகர் சொல்லமாட்டார். சொன்னால் அவருக்குத் தரகு இல்லை. நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே, இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, தேர்வு முடிவு வெளியாகும் நாள் முதல் சங்கக் கட்டடத்திலேயே கலந்தாய்வு விண்ணப்பங்களை நிரப்பித் தர ஏற்பாடு வேண்டும். இரண்டாவது, மூலச் சான்றிதழை எவர் கேட்டாலும் காட்டுவோம், நகல் தருவோம், அவரிடம் விட்டுவிட்டு வரமாட்டோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் உறுதி கொள்ள வேண்டும். மூன்றாவது, எக்கல்லூரியில் சேரு முன்னும், நிலையான ஆசிரியர் எத்தனை பேர், சென்ற ஆண்டு அப்பிரிவில் தேறியவர் எத்தனை பேர், உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும்.

அரசுக் கல்லூரிகளையும் மறவாதிருப்போம். அங்கே நிரந்தரப் பணியிடங்கள் காலியாய் இருக்க, குறைந்த ஊதியத்தில் கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துகின்றனர். அவ்விடங்களை நிரப்பக் கோருவது, வேறொருவருக்காகக் கேட்பதன்று. நம் பிள்ளைகளுக்காகக் கேட்பது.

வரும் மே மாதத்தில் தரகர் நம் தெருவுக்குள் நுழையுமுன், சங்கத்தின் தொண்டர் ஒருவர் அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்க வேண்டும். பள்ளி அலுவல் முடிந்ததும் அவருடன் வந்து அமர நாமும் அணியமாயிருக்கிறோம்.