பார்க்கிறவர்களுக்கு யார் பயிற்சி தருவது?

   

ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு வெளியே போகும் பெற்றோர் ஊர்வாயை எப்படிச் சமாளிப்பது? முன்வரிசையில் இருக்கும் என் சகாக்களுக்குக் கேள்வியும் தெரியும், என் பதிலில் பாதியும் தெரியும். ஆசிரியர் அறையில் நெடுநாளாக இழுத்துக்கொண்டிருக்கும் வழக்கு இது. மக்களுக்கு அறியாமை, விழிப்புணர்வு வளரும்வரை பெற்றோருக்கு மனவுறுதிப் பயிற்சி கொடுப்போம் என்பது அவர்கள் கட்சி. மூச்சை இழுத்து விடுங்கள், கண்டுகொள்ளாதீர்கள், முறைக்கிறவரிடம் விளக்க அட்டையை நீட்டுங்கள். பிள்ளையின் நிலைக்குப் பெற்றோரே காரணம் என்ற பழி தெருவில் மட்டும் முளைக்கவில்லை, அதற்கு உரம் போட்டது நம் உளவியல் துறை என்பது என் கட்சி. உரம் போட்டவர்கள் தாயிடம் போய்த் தாங்கிக்கொள்ளச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அந்த உரம் எப்படி விழுந்தது என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்றொரு சிற்றூர். 1933இல் பிறந்த டொனால்ட் டிரிப்லெட் வளர்ந்தது அங்கேதான். அப்பா வழக்கறிஞர். அம்மா ஊர் வங்கியை நடத்திய குடும்பத்துப் பெண். பிள்ளை யாரோடும் ஒட்டவில்லை. வட்டமாக எது கிடைத்தாலும் சுழற்றிக்கொண்டிருந்தான். மூன்று வயதில், மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டு வெளியூர்க் காப்பகம் ஒன்றில் விட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, அங்கிருந்தவர்கள் தடுத்தும் கேளாமல் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். 1938இல் பால்டிமோரில் இருந்த மருத்துவர் லியோ கேனரிடம் போனார்கள். போகுமுன் அப்பா பிள்ளையைப் பற்றி 33 பக்கம் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். 1943இல் கேனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் முதன்முதலாகத் தனி நிலையாக விவரிக்கப்பட்டது. அதில் முதல் பிள்ளை டொனால்ட்.

கேனர் இது பிறவியிலேயே வருவது என்றுதான் எழுதினார். அதே கட்டுரையின் முடிவில், இந்தப் பெற்றோரில் உண்மையான நேசம் உள்ளவர்கள் மிகக் குறைவு என்றும் எழுதிவைத்தார். பிள்ளையைப் பற்றி அவர்கள் இவ்வளவு நுணுக்கமாகக் குறித்துவைத்திருந்ததையே அவர்களுடைய மனக்கோணலுக்குச் சான்றாகக் காட்டினார். பிள்ளைக்கு எத்தனை பாட்டுத் தெரியும் என்று எண்ணிவைத்தது கூடக் குற்றம்! எண்ணாதிருந்தால் அக்கறை இல்லை என்றிருப்பார்கள். இன்றைக்கும் பல தாய்மார் மாட்டிக்கொண்டிருப்பது இதே இரட்டைக் கிடுக்கியில்தான்: அதட்டினால் கொடுமைக்காரி, அணைத்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்தவள்.

1949இல் கேனர் பெற்றோரின் நேசமற்ற வளர்ப்புக்குக் குளிர்சாதனப் பெட்டியை உவமையாக எடுத்தார். 'குளிர்பெட்டித் தாய்' என்ற பட்டம் பரவியது. 1967இல் உளவியலாளராக அறியப்பட்ட புருனோ பெட்டல்ஹைம் ஒரு தடித்த புத்தகத்தால் அதற்கு முத்திரை குத்தினார். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1964இல், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் கடற்படை உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் சான்றுகளை அடுக்கி மறுத்திருந்தார். 1969இல் பெற்றோர் மாநாடு ஒன்றில் கேனரே எழுந்து உங்களை விடுவிக்கிறேன் என்றார். குற்றம் சாட்டியவரே நீதிபதியாக அமர்ந்து விடுதலை வழங்கியதை நம் பாடநூல்கள் பெருந்தன்மை என்கின்றன. நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் ஃபாரஸ்ட் ஊர் என்ன செய்தது? டொனால்ட் 1958இல் கல்லூரி முடித்தார், குடும்ப வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கோர் எண் சூட்டினார். நம்மூரில் என்றால் சண்டை வந்திருக்கும். அங்கே எண் கிடைத்தவர்கள் அதைப் பெருமையாக வைத்துக்கொண்டார்கள். பின்னாளில் ஜான் டான்வன், கேரன் ஜுக்கர் என்ற பத்திரிகையாளர்கள் அவரைத் தேடி வந்தபோது, டொனால்டுக்கு ஏதாவது தீங்கு வந்தால் உங்களைச் சும்மா விடமாட்டோம் என்று ஊரார் எச்சரித்தார்கள். 2023இல் 89 வயதில் அவர் காலமானார்.

வங்கிக்காரர் வீட்டுப் பிள்ளையை யார் பழிப்பார் என்று என் நண்பர் ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். இன்றும் கேட்கத்தான் போகிறார். பணத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பணம் வாயை அடைக்கும், அவ்வளவுதான். பெற்றோர் போய் வெகுகாலம் கழித்தும் வந்தவனை மிரட்டிக் காவல் நிற்க வைப்பது வேறொன்று. அந்த ஊரில் யாரும் உளவியல் படித்துவிட்டு டொனால்டை ஏற்கவில்லை. தினமும் பார்த்தார்கள், பழகினார்கள். தாயைப் பழித்தது, படித்த நாம்தான்.

இங்கே இப்போது குளிர்பெட்டியின் இடத்தில் கைப்பேசி வந்து உட்கார்ந்திருக்கிறது. "போனைக் குடுத்துப் பழக்கிட்டாங்க", "ரெண்டு பேரும் வேலைக்குப் போனா இப்படித்தான்". கல்யாண மண்டபத்தில் பாட்டி சொன்னால் போகட்டும். நம்மிடம் பட்டம் வாங்கியவர்கள் மேடையில் சொல்கிறார்களே!

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தியாவின் 1995 சட்டத்தில் ஆட்டிசம் இல்லை, 2016 சட்டத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளியைப் பலர் பார்க்கும்படி வேண்டுமென்றே அவமதித்தால் அதன் 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. ஆனால் பேருந்தில் ஏச்சு வாங்குவது பெரும்பாலும் தாய். அந்தப் பிரிவு அவளைச் சொல்லவில்லை.

 இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பழைய தமிழ் வார இதழ்களின் மருத்துவர் பதில் பகுதிகளில் தாய் எப்படிக் குற்றவாளி ஆனாள் என்று தேடலாம். நடத்துநர்களுக்கும் மண்டப மேலாளர்களுக்கும் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம். 2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை விமானத்தில் ஏற்ற மறுத்தபோது உடன் வந்த பயணிகள் அவனுக்காகப் பேசினார்கள். பிறகு அந்த விமான நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. அப்படி வாய் திறக்கிறவர்கள் யார், ஏன் திறக்கிறார்கள் என்பதை ஆராயலாம். தந்தையர் பக்கமும் பார்க்க வேண்டும். பெற்றோரின் சமாளிப்புத் திறனை அளக்கும் வினாநிரல் இன்னொன்று வேண்டாம். மேற்சொன்னவற்றில் ஒன்றை ஆய்வுத் தலைப்பாக எடுக்க விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.