மறைத்து வைக்கும் நோய்



ஈப்போ வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வசவு நன்றாகத் தெரியும். யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசிவிட்டால், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பார்கள். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத சிறுபிள்ளைகள்கூட அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்யக் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். அங்கே இருப்பது 1911ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை. இப்போது அதற்கு பஹாகியா மருத்துவமனை என்று பெயர். பஹாகியா என்ற மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். பெயரை மாற்றினார்கள், நம் வாய் மட்டும் மாறவில்லை.

இந்த வசவைப் பற்றி நான் பேசுவதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் போதைப் பழக்கத்தில் விழுகிறார்கள். சிலருக்கு மனம் நோய்ப்படுகிறது. பலருக்கு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. புந்தோங்கிலிருந்து அந்த மருத்துவமனைக்குக் காரில் போக அதிக நேரம் ஆகாது. ஆனால் முதல் அறிகுறியைக் கண்ட நாளிலிருந்து ஒரு மருத்துவரிடம் வாயைத் திறக்கும் நாள் வரைக்கும் ஒரு குடும்பம் எத்தனை மாதங்களைக் கடத்துகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த மாதங்களில்தான் பிள்ளை கெடுகிறான்.

போதை நமக்குப் புதியதன்று. தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது. பெரட்டுக்கு எழுந்து, பால்மரம் வெட்டி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறவன் மாலையில் போய் நிற்கும் இடம் அது. வாங்கிய சம்பளத்தில் எவ்வளவு அங்கே போயிற்று என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். போர் முடிந்தபின் 1946, 47ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. கள்ளுக்கடைகளுக்கு முன்னால் அவர்கள் மறியல் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று துரைமார்கள் நினைத்துக்கொண்டிருந்த கூலிகள்தாம் இதைச் செய்தவர்கள்.

அன்றைக்கு அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். எதிரி ஒரு கடையாக, கூரையும் கதவும் உள்ளதாக, கண்முன்னே நின்றது. குடிப்பவன் யார் என்று லயம் முழுவதற்கும் தெரியும். இன்றைக்குப் போதை பையன் சட்டைப்பையில் வருகிறது. எந்தக் கதவுக்கு முன்னால் போய் நிற்பது?

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புத் திட்டங்களாக ஆகியும் போனபின், நம் மக்கள் ஈப்போ போன்ற பட்டணங்களின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்யும் குடும்பங்கள் போல உழைப்பால் ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்தவர்களும் நம்மில் உண்டு. ஆனால் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. தாய் வெட்டுக்குப் போனாலும் பிள்ளையை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்குமாடியில் அப்பா பாதுகாவலர் வேலைக்கு இரவில் போகிறார், அம்மா தொழிற்சாலைக்குப் பகலில் போகிறார். பதினான்கு வயதுப் பையன் மாலை மூன்று மணி முதல் எட்டு மணி வரை யாரோடு இருக்கிறான் என்பது அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியும், சொல்லத்தான் மாட்டார். "நமக்கு ஏன் வம்பு" என்பார்.

இன்றைக்குப் புழங்குகிற பொருள்களைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். கெத்தும் இலையைக் காய்ச்சி வடித்த தண்ணீரை இருமல் மருந்தோடு கலந்து குடிக்கிறார்கள். "இலைதானே, மூலிகைதானே" என்று பெரியவர்களே சொல்வதுண்டு. அதிலுள்ள மித்ராகைனின் என்ற பொருள் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருவது என்பது அவர்களுக்குத் தெரியாது. வேப் என்னும் மின்சிகரெட்டைப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்று 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. அந்தத் திரவத்தில் போதைப்பொருளையே கலந்து விற்பவர்களும் பிடிபட்டிருக்கிறார்கள். மலிவான சம்சு வகைகளும் இன்னும் போய்விடவில்லை.

எல்லாவற்றிலும் கொடியது சியாபு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சியாபு எடுத்தவனுக்கு இரண்டு மூன்று நாள் தூக்கம் வராது, பசிக்காது. பிறகு அடித்துப்போட்டாற்போல் தூங்குவான். உடம்பு இளைக்கும். நாள்பட நாள்பட யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்வான். இல்லாத குரல்கள் காதில் விழும். ஜன்னலை மூடிவைத்து உட்கார்ந்திருப்பான். வீட்டில் இருப்பவர்கள் "காத்துக் கருப்பு அடிச்சிருக்கு" என்று மந்திரிக்க அழைத்துப் போவார்கள். வேண்டுதல் செய்வதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இது மூளையில் அந்தப் பொருள் செய்த வேலை. மருத்துவம் பார்த்தால் பெரும்பாலும் அடங்கக்கூடியது. சிலருக்குப் பொருளை விட்ட பிறகும் குரல்கள் நிற்பதில்லை. அது தனி மனநோயாகவும் இருக்கலாம். எது எது என்று பிரித்துப் பார்க்க மருத்துவரால்தான் முடியும்.

போதையினால் மனம் கெடுகிறது என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது. மனம் நொந்தவன் போதையைத் தேடிப் போவதும் உண்டு. பள்ளிக்கூடத்தில் பாடம் புரியாதவன், வீட்டில் அப்பாவின் குடியைப் பார்த்து இரவெல்லாம் விழித்திருப்பவன், "குடிகாரன் மகன்" என்று பெயர் வாங்கியவன், முதல் இழுப்பில் கொஞ்சம் நிம்மதி கிடைத்தால் இரண்டாவதை விடுவானா? ஆகவே பையன் வேப் பிடித்தான் என்று தெரிந்தவுடனே பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால், அவன் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, முன்பு பிடித்த பந்தாட்டத்துக்கு இப்போது ஏன் போவதில்லை என்பதைப் பாருங்கள். பெண்பிள்ளைகளிடம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அவர்கள் அறைக்குள்ளேயே இருந்தால் அடக்கமான பிள்ளை என்று நாம் மகிழ்ந்துவிடுகிறோம்.

எப்படிக் கேட்பது? ஊருக்கு முன்னால் கேட்காதீர்கள், அண்ணன் தம்பியோடு ஒப்பிட்டும் கேட்காதீர்கள். மோட்டார் சைக்கிளைக் கழுவும்போதோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் உட்கார்ந்திருக்கும்போதோ, "அய்யா, கொஞ்ச நாளா நீ நல்லா இல்லையே, என்னடா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவன் வாய் திறக்க நேரமாகும். அப்பாவிடம் சொல்லமாட்டான் என்றால் மாமாவோ சித்தப்பாவோ கேட்கட்டும். பல வீடுகளில் பாட்டியிடம்தான் உண்மை வரும்.

சாக வேண்டும் போலிருக்கிறது என்ற எண்ணம் உண்டா என்றும் நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை; கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்பதே மருத்துவர்கள் கண்டது. மருந்துப் போத்தல், களைக்கொல்லி போன்றவற்றைக் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். தோட்டப்புறங்களில் களைக்கொல்லி எத்தனை உயிரைக் கொண்டுபோயிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பெல்லாம் உயிர் பிழைத்தவனைப் போலீஸ் பிடிக்குமோ என்று குடும்பங்கள் மறைத்தன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. இனி அந்தக் காரணம் சொல்லி மறைக்க வேண்டியதில்லை.

போதைக்கும் இதே பயம்தான். "டாக்டரிடம் போனால் பையனை உள்ளே தள்ளிவிடுவார்கள்" என்கிறார்கள். போதைப்பொருள் உட்கொள்வது சட்டப்படி குற்றம் என்பது உண்மையே. ஆனால் பிடிபடும் முன் தானாக முன்வந்து சிகிச்சை கேட்பவனுக்கு 1983ஆம் ஆண்டு வந்த சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் அலுவலகத்தில் கேட்கலாம். ஹெராயின் பழக்கத்துக்கு மெத்தடோன் என்ற மாற்று மருந்து 2005 முதல் நம் நாட்டில் கொடுக்கப்படுகிறது. சியாபுவுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது; பேசிப் பேசித்தான் மீட்க வேண்டும், ஆகவே சீக்கிரம் போவது இன்னும் முக்கியம்.

நம் வழக்கத்திலேயே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோவிலில் காவடி எடுக்கிறேன் என்று விரதம் இருக்கும் பையன்கள், அந்த நாள்களில் எதையும் தொடுவதில்லை. சாமி இறங்கியவுடனே கூட்டாளிகள் வாசலில் நிற்பார்கள், பழையபடி ஆகிவிடும். அந்த விரத நாள்களிலேயே அவனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போய்விட்டால், முருகன் கொடுத்த அந்த இடைவெளி வீணாகாது. ஆனால் ஒன்று. நாள்தோறும் அளவுக்கு மீறிக் குடித்தவர், பையனோ தகப்பனோ, திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதலில் போக வேண்டிய இடம் தஞ்சோங் ரம்புத்தான் அல்ல. பக்கத்திலுள்ள அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான் போதும். அங்கே குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். "பையனுக்குத் தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை" என்று சொன்னாலே கேள்விகள் கேட்டுப் பரிசோதிப்பார்கள். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனூன் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். வீட்டைவிட்டுக் கிளம்பத் தயக்கமாக இருந்தால், சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவைக்கு 15555 என்ற எண்ணில் பேசலாம். அடையாள அட்டையையும், பையன் சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதன் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே அழைக்கும்போது பையனைத் தனியாகப் பேச விடுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் பாதியை விழுங்கிவிடுவான். மறுதேதி கொடுத்தால் அன்றைக்கும் கூடவே போங்கள், ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை.