வயதைப் பார்க்காத விடுதலைப் பட்டியல்

கொள்ளைநோய்க் காலத்தில் சிறையிலிருந்து யாரை முதலில் வெளியே அனுப்ப வேண்டும்? நோய் தொற்றினால் யார் பிழைப்பது அரிதோ, அவரை. கொரோனா வந்த 2020இல் இந்தியாவின் சிறைகளில் நடந்தது இதுவல்ல.

2018 இறுதியில் நாட்டின் சிறைகள் 117.6 விழுக்காடு நிரம்பிக் கிடந்தன. ஆளுக்கு ஆள் விலகி நிற்கும்படி ஊரெல்லாம் அறிவிக்கப்பட்ட நாட்களில், நெரிசல் மிகுந்த சிறைகளில் விலகி நிற்க இடம் ஏது? உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்தது. மார்ச் 23 அன்று, மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைத்து, பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடத்தக்கவர்களைத் தேர்ந்தெடுக்க ஆணையிட்டது. நல்ல ஆணைதான். ஆனால் அதில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட அளவுகோல், 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம் என்பது. குற்றத்தின் எடை பார்க்கப்பட்டது. கைதியின் மூச்சு பார்க்கப்படவில்லை. 30 வயது திருடர் வெளியே வரலாம். நீண்ட தண்டனையில் முதுமை எய்திய ஆயுள் கைதி உள்ளேயே இருக்க வேண்டும். மகாராஷ்டிரக் குழுவோ ஊபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் போன்ற சிறப்புச் சட்டங்களில் அடைபட்டவர்களை அடியோடு விலக்கியது.

அந்த விலக்கு என்ன செய்யும் என்பதற்குச் சான்று ஸ்டேன் சுவாமி. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டின் ஆதிவாசிகளிடையே உழைத்த இயேசு சபைத் துறவி. 2020 அக்டோபர் 8 அன்று தேசியப் புலனாய்வு முகமை அவரை ஊபா வழக்கு ஒன்றில் கைது செய்தபோது வயது 83. நடுக்குவாத நோயால் டம்ளரைக் கையில் பிடிக்க முடியாதவர். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப்போட வேண்டியிருந்தது! இடைக்கால ஜாமீன் மறுக்கப்பட்டது. 2021 மார்ச் 22 அன்று வழக்கமான ஜாமீனும் மறுக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தின் தலோஜா சிறைக்கு வரும்போது தானே நடந்ததையும் குளித்ததையும் உண்டதையும், அவை ஒவ்வொன்றாய்ப் போனதையும் மே மாதம் அவரே பம்பாய் உயர் நீதிமன்றத்திடம் காணொளியில் சொன்னார். அதன் பிறகே தனியார் மருத்துவமனை. அங்கே கொரோனா உறுதியானது. ஜூலை 5 அன்று, ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த வேளையில், அவர் இறந்த செய்திதான் நீதிமன்றத்துக்கு வந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதி அவர்.

சட்டம் கையைக் கட்டிவிட்டது என்ற வாதம் செல்லாது. அதே வழக்கில், அதே தலோஜா சிறையிலிருந்த, 80 வயது கடந்த கவிஞர் வரவர ராவுக்கு 2021 பிப்ரவரியில் அதே உயர் நீதிமன்றம் மருத்துவக் காரணத்துக்காக 6 மாத ஜாமீன் தந்தது. ஊபாவின் கடுமையைவிட உயிர்வாழும் உரிமை பெரிது என்று பார்க்க அப்போது முடிந்தது. கொடியவர்களைத் திறந்துவிடுவதா என்ற அச்சத்துக்கும் இதில் இடமில்லை. இடைக்கால ஜாமீனால் வழக்கு முடிந்துவிடாது. நிபந்தனை உண்டு, மீறினால் மீண்டும் சிறை உண்டு.

ஆகவே சிறை விதிகளிலேயே இது எழுதப்பட வேண்டும்: கொள்ளைநோய் அறிவிக்கப்பட்டதும், எந்தச் சட்டப் பிரிவில் அடைபட்டவரானாலும், 60 வயது கடந்த ஒவ்வொரு கைதியின் மருத்துவக் கோப்பும் குழுவின் முன் முதலில் வர வேண்டும். கைதி மனுப் போடும்வரை காத்திருக்கக் கூடாது. விடுவிக்க மறுக்கும் அதிகாரி, அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.