கடல் கடந்த விரதம்

(அவிநாசியில் மகாவீரர் திருப்பிறப்பு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

  

இந்த அவிநாசியிலும் அண்டையிலுள்ள திருப்பூரிலும் தைக்கப்பெறும் பின்னலாடைகள் தூத்துக்குடி சென்று கப்பலேறிக் கடல் கடக்கின்றன. ஆடை சென்ற வழியிலேயே ஆட்களும் செல்கின்றனர். வாணிகத்தின் பொருட்டும் மேற்படிப்பின் பொருட்டும் வெளிநாடு சென்ற பிள்ளைகள் இன்று பல குடும்பங்களில் உள்ளனர். பிள்ளை பெட்டி கட்டும் நாளில் பெற்றோர் மனத்தில் ஒரு கவலை எழுவது இயல்பு. "கண்ணுக்கெட்டாத ஊரில் உணவு ஒழுக்கத்தைக் காப்பானா?" என்பதே அக்கவலை. இதே கவலை நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் முன்னர், விக்டோரியா அரசியார் காலத்தில், நீராவிக் கப்பலேறிய இளைஞர் இருவரின் வீடுகளிலும் எழுந்தது. அவ்விருவரும் அதற்கு எவ்வாறு விடையளித்தனர் என்பதையும், ஊரார் அவர்களை எவ்வாறு நடத்தினர் என்பதையும் எண்ணிப் பார்ப்பது இவ்விழாவுக்குப் பொருத்தமாகும்.

முதலில், சாவகர் கடல் கடக்கலாமா என்னும் ஐயத்தைத் தெளிந்துகொள்ள வேண்டும். சமணப் பெருங்காப்பியமாகிய சீவக சிந்தாமணியிலேயே சீதத்தன் என்னும் வணிகன் கலமேறிச் சென்று பொருளீட்டி வருகிறான். இல்லறத்தார்க்குக் கடற்செலவு விலக்கன்று. துறவியர்க்கே அது விலக்கு. ஐம்பெரு விரதம் பூண்ட முனிவர் ஊர்தியேறார்; கால்நடையாகவே செல்வர். கப்பலோ நீருயிர்களைக் கலக்கிச் செல்வது. அதிலும் நீராவிக் கப்பல் இரவும் பகலும் நிலக்கரியை எரித்துச் செல்வது. ஓருயிர்க்கும் ஊறு செய்யாமையை உறுதி பூண்டவர் அதில் ஏறுதல் எங்ஙனம்?

இல்லறத்தார்க்கு ஆசான்மார் வகுத்தது திசை விரதம். சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விளக்கியுள்ளார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பும் தமிழில் இதனைக் கூறுகிறது. பத்துத் திசையிலும் இவ்வளவே செல்வேன் என்று சாவகன் தானே எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தொலைவு ஆகியன அவ்வெல்லைக்குரிய அடையாளங்கள். இங்கு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. எல்லையை வகுப்பவன் விரதம் ஏற்பவனே. ஊரார் வேலியிட்டு அவனை அடைக்குமாறு நூல் கூறவில்லை.

இனி அக்காலக் கப்பலைக் காண்போம். 1869ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் சூயசு கால்வாய் திறக்கப்பெற்றது. அதன்பின் பம்பாயில் ஏறியவர் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியதில்லை. ஏடன், செங்கடல், சூயசு, போர்ட் சயித், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பிஸ்கே விரிகுடா என்னும் வழியே சில வாரங்களில் இங்கிலாந்தை அடைந்தனர். அச்சில வாரங்களும் பயணிக்குக் கடுஞ்சோதனையே. கப்பலின் அடுக்களை பெரும்பாலும் ஊனுணவுக்குரியது. எதில் ஊன் கலந்துள்ளது என்று பரிமாறுவோரிடம் கேட்டறிய வேண்டும். இரவுணவே அங்குப் பெருவிருந்து; பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் சாவகர்க்கு அதுவும் ஓர் இடர். எல்லாவற்றுக்கும் மேலாக, கடல் நடுவே "என்ன உண்டாய்?" என்று கேட்க உற்றாரும் இல்லை, ஊராரும் இல்லை.

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் அவ்வாறு கப்பலேறியவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவருக்குப் பத்தொன்பது வயது நிறையவில்லை. சட்டம் பயிலச் செல்லும் மகனை விடுக்க அன்னையார் புத்லிபாய் அஞ்சினார். அவ்வச்சத்தைப் போக்கியவர் பேசர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர். ஊன், மது, பிற மகளிர் ஆகிய மூன்றையும் தீண்டேன் என்று மோகன்தாஸ் அம்முனிவர் முன்னிலையில் உறுதி பூண்டார். அதன் பின்னரே அன்னையார் விடை கொடுத்தார்.

ஆயினும் பம்பாயிலிருந்த அவர் சாதியார் கடல் கடத்தல் தகாது என்று தடுத்தனர். அவர் இணங்காமையால் சாதியினின்றும் விலக்கினர். அவருக்கு உதவி செய்தாலோ துறைக்குச் சென்று வழியனுப்பினாலோ ஒரு ரூபாய் நான்கணா தண்டம் என்றும் விதித்தனர். ஒரே இளைஞரைக் குறித்து இரு வேறு செயல்கள் நிகழ்ந்தமை காண்க. முனிவர் விரதம் கொடுத்து அனுப்பினார். ஊரார் தண்டம் விதித்துத் தடுத்தனர்.

கப்பலில் மோகன்தாஸ் கூச்சத்தால் உணவு மேசைக்குச் செல்லவில்லை. கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணவும் அறியார். எந்த உணவில் ஊனில்லை என்று கேட்கவும் துணியார். தம் அறையிலேயே, வீட்டிலிருந்து கொணர்ந்த இனிப்பையும் பழங்களையும் உண்டார். உடன் பயணம் செய்த ஆங்கிலேயர் ஒருவர் அவர்பால் அன்பு கொண்டு, "இதுவரை சரி, பிஸ்கே விரிகுடாவை அடைந்ததும் உன் முடிவை மாற்றிக்கொள்வாய். இங்கிலாந்தின் குளிரில் ஊனின்றி வாழ இயலாது" என்னும் பொருள்பட அறிவுரை கூறினார். அவ்வாறாயின் ஊனுண்டு அங்குத் தங்குவதினும் இந்தியாவுக்குத் திரும்புவதே மேல் என்று இளைஞர் விடையளித்தார். பிஸ்கே விரிகுடா வந்தது. ஊனின் தேவை வரவில்லை.

இதன்பின் நிகழ்ந்ததே பெரிதும் சிந்திக்கத்தக்கது. ஊனுண்ணவில்லை என்பதற்குச் சான்றிதழ் பெற்று வைத்துக்கொள்ளுமாறு முன்னரே சிலர் அவருக்குக் கூறியிருந்தனர். அதன்படி அந்த ஆங்கிலேயரிடமே ஒரு சான்றிதழ் வாங்கிப் பேணி வைத்தார். ஊனுண்பவரும் அத்தகைய சான்றிதழைப் பெற முடியும் என்பதைப் பின்னர் அறிந்தபோது அதன்மேல் இருந்த விருப்பம் அற்றுப்போயிற்று. தம் சொல்லை நம்பாதவர்க்குச் சான்றிதழ் காட்டி என்ன பயன் என்று தம் வரலாற்றில் அவர் வினவுகிறார். விரதத்துக்குச் சான்று விரதம் பூண்டவன் நெஞ்சமே என்பதை அக்கடற்பயணம் அவருக்குக் கற்பித்தது.

1891இல் பம்பாய் திரும்பிய மோகன்தாசுக்கு அங்கு ஒரு நண்பர் வாய்த்தார். இருவரும் சேர்ந்து உணவுச் சோதனைகள் செய்ததைக் காந்தியடிகள் குறித்துள்ளார். அந்நண்பரே இவ்வுரையின் இரண்டாம் தலைவர், வீர்சந்த் ராகவ்ஜி காந்தி.

1864ஆம் ஆண்டு குஜராத்தின் மகுவாவில் பிறந்த வீர்சந்த் சுவேதாம்பர மரபினர். எனினும் அவர் தொண்டு மரபெல்லை கடந்தது. தீர்த்தங்கரர் இருபதின்மர் வீடுபெற்ற சம்மேத சிகர மலைப்பகுதியில் 1891இல் பன்றிக் கொழுப்பு எடுக்கும் ஆலை தொடங்கப்பெற்றபோது, அதனை எதிர்த்து வழக்காட அவர் கல்கத்தா சென்றார். ஆவணங்களைத் தாமே படித்தறிய வேண்டி வங்க மொழியையும் கற்றார். அத்திருமலையின் தூய்மை அவ்வழக்கால் காக்கப்பெற்றது.

1893இல் சிகாகோவில் உலகச் சமயங்களின் பேரவை கூடவிருந்தது. சமணத்தின் சார்பில் அழைப்புப் பெற்றவர் ஆத்மாராம்ஜி எனப்படும் விஜயானந்த சூரி. அவர் துறவி, கப்பலேறுதல் அவர்தம் விரதத்துக்கு இயையாது. விரதத்தையும் விடவில்லை, அழைப்பையும் வீணாக்கவில்லை. சமணக் கொள்கைகளை வினாவிடையாக எழுதி, இல்லறத்தாராகிய வீர்சந்தைப் பயிற்றுவித்து அனுப்பினார். துறவியின் எல்லை வேறு, சாவகனின் எல்லை வேறு என்னும் நூற்கொள்கை இங்குச் செயல்வடிவம் பெற்றது. உணவு ஒழுக்கம் பிழையாதிருக்கச் சமையலுக்குத் துணை ஒருவரும் உடன் சென்றார் என்று வீர்சந்தின் வரலாறு எழுதியோர் கூறுவர்.

அப்பேரவைக்குச் சென்ற விவேகானந்தர் 1893 மே 31ஆம் நாள் பம்பாயில் 'பெனின்சுலார்' என்னும் கப்பலேறிக் கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங், சப்பான் வழியே கிழக்குத் திசையில் சென்றார். வீர்சந்த் மேற்குத் திசையில் ஐரோப்பா வழியே சென்றார். செப்டம்பர் 11 முதல் 27 வரை நடந்த பேரவையில் இருவரும் பேசினர். அங்குக் கிறித்தவப் போதகர் ஒருவர் இந்தியக் கோயில்களில் தொண்டு செய்த மகளிரை இழித்துரைத்தபோது, வீர்சந்த் எழுந்து மறுப்புரைத்தார். இழித்துரைக்கப்பட்டவை சமணக் கோயில்கள் அல்ல. நாட்டின் மானம் எனக் கருதியே அவர் எழுந்தார். பின்னர் ஏறத்தாழ ஈராண்டு அமெரிக்காவில் தங்கிச் சமணத் தத்துவம், வினைக்கொள்கை, யோகம் ஆகியன பற்றிச் சொற்பொழிவாற்றினார்.

அத்துணைக் குளிரிலும் மரக்கறி உணவன்றிப் பிறிதுண்ணாத அவரது உறுதியை விவேகானந்தரே 1894இல் எழுதிய மடலொன்றில் போற்றியுள்ளார். அம்மடலிலேயே ஒரு வருத்தத்தையும் புலப்படுத்தியுள்ளார். அந்நாட்டினர் வீர்சந்தை விரும்புகின்றனர். அவரை அனுப்பியவர்களோ அவரைச் சாதியினின்று விலக்க முயல்கின்றனர் என்பதே அவ்வருத்தம். கடல் கடந்து விரதம் காத்தவரைக் கரையிலிருந்தோர் ஐயுற்றனர். தாம் அனுப்பிய ஆத்மாராம்ஜி மட்டும் அவரைக் கைவிடவில்லை.

வீர்சந்த் அதனால் மனம் கசந்து ஒதுங்கவில்லை. 1896இல் மனைவியையும் மகனையும் உடனழைத்துக்கொண்டு மீண்டும் கடல் கடந்தார். 1896–97இல் இந்தியாவைக் கொடும்பஞ்சம் வாட்டியபோது அமெரிக்கர்களிடம் முறையிட்டு, தானியம் நிறைந்த கப்பல் ஒன்றையும் பொருளுதவியையும் தாய்நாட்டுக்கு அனுப்பச் செய்தார். எந்தக் கடலைக் கடந்ததற்காகத் தம்மவர் சிலர் அவரைப் பழித்தனரோ, அந்தக் கடல் வழியே பசித்தவர்க்கு உணவு வந்தது. 1901 ஆகஸ்ட் 7ஆம் நாள், முப்பத்தேழு வயது நிறையுமுன்னரே, அவர் மறைந்தார். இந்திய அஞ்சல் துறை அவர்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது 2002இல். நூறாண்டு கழித்து வந்த பெருமை அவர் செவிக்கு எட்டுமா?

பெருமக்களே! சில வார வழி இன்று ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டது. முன்னரே கேட்டுக்கொண்டால் வானூர்தியில் 'ஜெயின் உணவு' என்று பெயர் எழுதிய பெட்டியே கிடைக்கிறது. நல்ல வசதிதான், ஆயினும் அப்பெயர்ச்சீட்டு மோகன்தாஸ் வாங்கிய சான்றிதழைப் போன்றதே. வானூர்தியை விட்டிறங்கி, வாணிகர் தரும் விருந்தில் அமர்ந்து, பொழுது சாய்ந்தபின் தட்டு முன்னே வரும்போது, அப்பெயர்ச்சீட்டு துணைக்கு வாராது. இதை ஏன் உண்ணேன் என்று தனக்குத்தானே விடை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கே அவ்விடத்தில் வழி புலப்படும். கூச்சமின்றிக் கேட்கவும் அவனுக்குப் பழக்க வேண்டும். "இதில் ஊன் உண்டா, முட்டை உண்டா?" என்று பணிவுடன் கேட்பதில் இழிவு ஒன்றும் இல்லை.

ஆதலின் பெற்றோர் செய்யத்தக்கவை இரண்டு. புறப்படுமுன் மகனோ மகளோ தானே உணர்ந்து தன் எல்லையை வகுத்துக்கொள்ளச் செய்தல் ஒன்று. "உண்ணாதே" என்னும் தடையை மட்டும் தந்தால் அது ஊரெல்லையோடு நின்றுவிடும். ஓருயிர்க்கும் ஊறு செய்யலாகாது என்னும் காரணத்தையும் சேர்த்துத் தந்தால் அது உடன் செல்லும். திரும்பி வருபவரை ஐயுறாது ஏற்றல் மற்றொன்று. வந்ததும் வராததுமாக "அங்கே என்னென்ன தின்றாய்?" என்று குற்றவாளியைப் போல் வினவும் வீட்டில், பிள்ளை மெய்யை மறைக்கக் கற்றுக்கொள்வான். ஒருகால் தவறியிருந்தாலும், கழுவாய் தேடித் திருந்தும் வழி சமண அறத்தில் என்றும் உண்டு. வாயிலை அடைத்துவிட்டால் அவ்வழியும் அடைபடும்.

இந்நெடுஞ்சாலையில் கிழக்கே சென்றால் விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயில் நிற்கிறது. கொங்கு நாட்டில் சமணம் வேரூன்றியிருந்த தொன்மைக்கு அது சான்று. அவ்வேர் இனியும் வாடாதிருக்க வேண்டுமாயின், இவ்வூரிலிருந்து ஆடையோடு கடல் கடக்கும் பிள்ளைகளின் நெஞ்சில் அவ்வறம் நிலைபெற வேண்டும். அவர்களை விரதம் கொடுத்து அனுப்புங்கள், அன்போடு வரவேற்றுக்கொள்ளுங்கள்.

அறம் வளர்க!