கட்டுவிரியன்: தரையில் படுப்பவர்கள் கவனத்திற்கு
(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் பாய் விரித்துத் தரையில்தான் படுக்கிறோம். அதனால் இன்று ஒரே ஒரு பாம்பைப் பற்றிச் சொல்கிறேன்: கட்டுவிரியன்.

பளபளக்கும் கறுப்பு உடல், குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள். பகலில் எலி வளை, கற்குவியல், செங்கல் அடுக்கு, விறகுக்கட்டு இவற்றில் ஒளிந்திருக்கும். திருத்தணியில் மலையடிவாரமும் வயலும் வீடுகளை ஒட்டியே இருக்கின்றன. இருட்டிய பின் இரை தேடி வீட்டுக்குள்ளும் வரும். தூக்கத்தில் புரளும்போது நம் கை பட்டால் கடித்துவிடும்.

கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் காட்டிக் கொடுத்துவிடும். கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. பல் தடமும் சரியாகத் தெரியாது. எறும்பு என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடுவோம். சில மணி நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுப்போம். பிறகு இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு நிற்கும்.

ஆகவே தரையில் படுத்தவருக்கு இரவிலோ விடியலிலோ காரணமில்லாமல் வயிறு வலித்து, இமையும் தொங்கினால், பாம்பைப் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடனே 108ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இலவசம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தை, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவு சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள். மூச்சு திணறினால் செயற்கை சுவாசக் கருவி காப்பாற்றும். அதற்கும் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.

கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள்.

ஓதிப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். தாராளமாக ஓதுங்கள், வண்டியில் உட்கார்ந்து ஓதுங்கள். நோயைத் தந்த அல்லாஹ் அதற்கான மருந்தையும் தந்திருக்கிறான் என்பதுதான் நபி (ஸல்) அவர்களின் போதனை.

2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள்.

முடிந்தவர்கள் கட்டிலில் படுங்கள். பாயில் படுப்பவர்கள் கொசுவலை கட்டி, ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். தானியம் சிந்தினால் எலி வரும்; எலி வந்தால் பாம்பு வரும். கதவுக்கு அடியில் உள்ள சந்தை அடையுங்கள். பஜ்ருக்கு இருட்டில் பள்ளிவாசல் போகிறவர்கள் கையில் டார்ச் இருக்கட்டும்.

படுக்குமுன் படுக்கையைத் தட்டிவிடச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். நாம் இல்லாத நேரத்தில் அதில் என்ன வந்து தங்கியது என்று நமக்குத் தெரியாது. அந்த சுன்னத்தை இன்றிரவே நம் வீடுகளில் தொடங்குவோம். அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக, ஆமீன். வஸ்ஸலாம்.